கோவிந்தனைத் திட்டும் முறை

என் மருமகள் சாந்தி சனிக்கிழமைதோறும் ராசா என்கிற ஊரில் இருக்கிற எங்கள் வீட்டு முன்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கியப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். அன்றைக்கு வாசல் முழுக்கச் சிலிப்பர் கிடக்கும். நான் அடுக்களையில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். கை கீரையில் இருக்கும், காது கூடத்தில் இருக்கும். சின்ன வயசில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப எங்கள் வீட்டில் யாருக்கும் நினைப்பு வரவில்லை. கோயில் போர்டையும் பஸ் போர்டையும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குப் பின்னால் நானே கற்றுக்கொண்டதுதான். அதனால் பாடம் நடக்கிற சத்தம் எனக்குப் பிடிக்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை யமுனா என்கிற பெண் முரண்டு பிடித்தாள்.

“டீச்சர், தொனி, மனநிலை ரெண்டும் ஒண்ணுதான லா? கதை சோகமா இருக்கு, அவ்ளோதான். அதுக்கு எதுக்கு ரெண்டு கேள்வி?”

“ஒண்ணு இல்லம்மா. தொனிங்கிறது சொல்றவங்க குரல். கேலியா சொல்றாங்களா, கோவமா சொல்றாங்களா, அன்பா சொல்றாங்களா, அது. மனநிலைங்கிறது அதக் கேக்கறப்ப உனக்குள்ள வந்து உக்காருதே, அது.”

“சோகமா சொன்னா சோகமாத்தான வரும்? ரெண்டும் எப்பவும் ஒண்ணாத்தான் இருக்கும் டீச்சர்.”

நான் அடுக்களையில் இருந்தபடியே, “இருக்காது,” என்று சொல்லிவிட்டேன்.

கூடத்தில் ஒரே சிரிப்பு. சாந்தி எட்டிப் பார்த்து, “அத்தை, வந்து நீங்களே சொல்லிக் குடுங்க,” என்றாள். கீரையை வைத்துவிட்டு எழுந்தேன். கூடத்துக்குப் போனேன். ஒரு வரியில் சொல்கிற விஷயமா அது? நான் முப்பது வருசத்துக்கு மேல் பார்த்த வேலையே அதுதான். அதற்கு இப்படி இரண்டு பெயர் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தப் பெயர்களைக் கொடுத்ததற்கு மருமகளுக்கு நன்றி சொல்லவேண்டும். “சாயங்காலம் உக்காரு, சொல்றேன். எழுதி அதுங்களுக்குப் படிச்சுக் காட்டு,” என்றேன்.

அப்படி நான் சொல்ல அவள் எழுதியதுதான் இது. என் பேச்சைக் கொஞ்சம் திருத்தி எழுதுகிறாள், எழுதட்டும். மற்ற ஆட்கள் பேசியதை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நான் கோலா பிலா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஆயாக் கொட்டாயில் வேலை பார்த்தவள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. தாய்மார் விடியுமுன் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறபோது கைக்குழந்தைகளையும் நடை பழகுகிற பிள்ளைகளையும் கொண்டுவந்து விடுகிற கொட்டகை. அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைச் சுவர், குறுக்கே ஒரு கனத்த விட்டம். விட்டத்தில் சேலைத் துணியில் ஏணை கட்டித் தொங்கவிட்டிருப்போம். பெரிய பிள்ளைகள் தரையில் பாயில் கிடக்கும். அவர்களைப் பார்த்துக்கொள்கிறவள் ஆயா. என் ஏணைக் கட்டில் இருந்து ஒரு பிள்ளைகூட வழுக்கி விழுந்ததில்லை. அதை எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன்.

நான் அந்த வேலைக்குப் போனது ஜப்பான்காரன் காலத்தில். அதுவரை பிள்ளைக் கூட்டத்தோடு புல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ரப்பர் பாலை வாங்க ஆள் இல்லாமல் போனதும் மரவள்ளி போடச் சொல்லிப் பெண்களைக் காட்டுக்கு அனுப்பினார்கள். கொட்டாயில் பிள்ளைகள் அதிகமாகிவிட்டன. தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி என்னைப் பார்த்து, “நீ போய் அஞ்சலைக்கு ஒத்தாசையா இரு,” என்றார். அன்றிலிருந்து அஞ்சலை பெரியாயா, நான் சின்னாயா. கொட்டாய் வேலைக்கு நின்றவர்களுக்கு ஒரு வேளைக் கஞ்சி உண்டு. அந்தக் கஞ்சியில்தான் நானும் நொண்டிக் காலோடு வீட்டில் கிடந்த என் அப்பாவும் உயிரோடு இருந்தோம். கிராணிக்கும் நன்றி.

பெரியாயா அஞ்சலையைப் பற்றிச் சொல்லவேண்டும். கறுத்து, உயர்ந்து, தோள் அகன்ற பொம்பளை. வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். வெற்றிலை கிடைக்காத நாட்களில் சும்மாவாவது வாயை மென்றுகொண்டிருப்பாள். அவளிடம் நல்ல வார்த்தை என்பதே கிடையாது.

“வாங்கடி பிசாசுங்களா. எவன்டா மூத்திரத்துல நீச்சலடிக்கிறவன்? கழுத்தத் திருகி ஆத்துல வுட்ருவேன், தெரியுமா?”

இப்படித்தான் விடியற்காலையில் பிள்ளைகளை வரவேற்பாள். அந்தப் பிசாசுகள் என்ன செய்யும்? அவள் முதுகில் ஏறும். மடியில் விழும். அவள் வாயைத் திறந்து வெற்றிலை எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்க்கும்.

எனக்கு அது முதலில் விளங்கவில்லை. நான் அவளைவிட நல்லவள் என்று எனக்கு நினைப்பு. குரலைத் தேனாக்கிக்கொண்டு, “கண்ணு, ராசா, அழக்கூடாது செல்லம், அம்மா வந்துருவாங்க,” என்று கொஞ்சினேன். நான் கொஞ்சக் கொஞ்சப் பிள்ளை வீரிட்டது. பக்கத்து ஏணையும் சேர்ந்து அழுதது. பெரியாயா மரவள்ளி சீவிக்கொண்டே பார்த்தாள்.

“ஏன்டி, புள்ளயத் தூங்க வக்கிறியா, பயமுறுத்துறியா?”

“நல்லாத்தான பெரியாயா பேசுறேன்?”

“நல்லாத்தான் பேசுற. அதான் பயப்படுது. இப்பல்லாம் இதுங்க வூட்ல எவ நல்லாப் பேசுறா? அழுகய மறைக்கத்தான் கொஞ்சிப் பேசுறாளுவ. ஒன் வாயப் பாத்துக்கிட்டு இருக்காத. அதுங்க கால்வெரலப் பாரு.”

அதுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. பயந்த பிள்ளையின் கால்விரல் உள்ளே மடங்கிக்கொள்ளும். மனசு இறங்கின பிள்ளையின் விரல் ஒவ்வொன்றாக விரிந்து கொடுக்கும், காலைப் பனி போனதும் தொட்டாச்சிணுங்கி விரிகிற மாதிரி. நான் என்ன குரலில் பாடினேன் என்பது என் காதுக்குத் தெரியும். அது போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன ஆயிற்று என்பது அந்த விரலைப் பார்த்தால்தான் தெரியும். கொஞ்ச நாளில் நானும் வையக் கற்றுக்கொண்டேன்.

வேலை என்று பார்த்தால் கை ஓயாது. துணிப் பஞ்சம். ஏணைக்குச் சேலை கிடைக்காமல், சாக்கை அறுத்துச் சாம்பல் தண்ணீரில் வேகவைத்து, கல்லில் அடித்து, திரும்ப வேகவைத்து, பிள்ளை தோலில் உரசாத அளவுக்கு மெதுவாக்குவோம். மரவள்ளியைச் சீவித் துருவி, தண்ணீரில் ஊறப்போட்டு, பிழிந்து, தண்ணீரை மாற்றித் திரும்ப ஊறப்போட்டு, கசப்பு முழுக்கப் போனபிறகுதான் கஞ்சி காய்ச்சுவாள் பெரியாயா. அவசரப்பட்டால் பிள்ளைக்கு வாந்தி எடுக்கும். இரண்டு கையும் கிழங்கில் இருப்பதால், ஏணைக் கயிற்றின் நுனியைத் தன் கால் கட்டைவிரலில் கட்டிக்கொள்வாள். கால் அசையும், ஏணை ஆடும், வாய் திட்டும், பிள்ளை தூங்கும். நானும் அப்படியே பழகினேன். இன்றைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தால் என் வலது கால் தானாக ஆடும். பேரப் பிள்ளைகள் சிரிக்கும்.

அந்த நேரத்தில்தான் சயாமுக்கு ஆள் பிடிக்க வந்தார்கள்.

காலைப் பெரட்டு, அதாவது வேலைக்குமுன் ஆட்கள் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற நேரம். கொட்டாய் அந்தத் திடலுக்குப் பக்கத்தில்தான். ஜப்பான்காரன் ஒருவன் கத்தியை ஊன்றிக்கொண்டு நின்றான். ஆட்களை வேலை வாங்குகிற எங்கள் மண்டோர் பேசினார். அவர் கோயிலில் பஜனை பாடுகிறவர், வெல்லக்கட்டி மாதிரிக் குரல்.

“அண்ணமாருங்களே, தம்பிமாருங்களே, சயாம்ல ரயில் ரோடு போடற வேல. நல்ல அரிசி குடுக்குறாங்க. துணி குடுக்குறாங்க. மூணு மாசம், போய்ட்டு நம்ம வூடு பாக்க வந்துரலாம். யாரும் பயப்பட வேணாம்.”

ஒரு கடுமையான சொல் இல்லை அதில். கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி இருந்தது. நான் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஆம்பளைகளின் கால்விரல்கள் மண்ணுக்குள் போயிருந்தன.

பெரியாயா மெதுவாகச் சொன்னாள். “பாயாசம் ஊத்துற மாதிரிப் பேசுறான். எனக்கு ஏன்டி புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஓடணும் போல இருக்கு?”

மண்டோரை நான் குறை சொல்லமாட்டேன். கத்தி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அடுத்த லோரியில் அவரையும் ஏற்றினார்கள்.

முதல் லோரியில் போனவர்களில் கோவிந்தன் ஒருவர். அவரைப் பற்றித்தான் இனி சொல்லப்போகிறேன். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டுக்காரர். கால் இரண்டும் வளைந்து இருக்கும். ஒரு பன்றிக்குட்டி நடுவில் ஓடிப்போகலாம் என்று லயமே சொல்லும், அவரும் சொல்லிச் சிரிப்பார். கல்யாணத்துக்குக் கோலா பிலா பசாரில் ஒரு பழைய கோட்டு வாங்கினார். எந்தத் துரை போட்டதோ, இரண்டு கோவிந்தன் உள்ளே போகலாம். அதை வெயிலிலும் கழற்றமாட்டார். பால்வெட்டுக்காரராக இருந்துகொண்டு அட்டைக்குப் பயப்படுகிற ஒரே ஆள் அவர்தான். மழைக் காலையில் காலில் அட்டை ஏறிவிட்டால் மலை அதிரக் கத்துவார். பக்கத்து மர நிரையில் இருந்து அவர் பெண்சாதி முனியம்மா சுண்ணாம்பு டப்பாவோடு ஓடிவந்து, திட்டிக்கொண்டே, தொட்டுத் தொட்டு எடுத்துவிடுவாள்.

லோரி புறப்பட்டபோது அவர் அந்தக் கோட்டோடுதான் நின்றார். முனியம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினார். கை வெளியே தெரியவில்லை. சட்டைக்கை மட்டும் ஆடிக்கொண்டே போயிற்று. அவர்கள் பிள்ளை தங்கம் அப்போது பிறந்து சில வாரம்.

பெரியாயாவுக்கும் கோவிந்தனுக்கும் இரத்த உறவு கிடையாது. ஊரில் இருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். கப்பலில் கோவிந்தனின் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டபோது அஞ்சலைதான் பார்த்துக்கொண்டாளாம். அந்த அம்மா அவளை, “மருமகளே” என்று கூப்பிட்டிருக்கிறாள். அதோடு கோவிந்தன் அவளுக்கு மச்சான் முறை ஆகிவிட்டார். எங்கள் தோட்டங்களில் அப்படித்தான், கப்பலில் கட்டின முறை கடைசிவரைக்கும் செல்லும். மச்சான் முறை என்றால் என்ன? நல்லது கெட்டதில் கேலி பேசலாம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மூக்கைப் பழிக்கலாம். வேறு யார் பேசினாலும் சண்டை வரும், முறை உள்ளவள் பேசினால் பேசாமல் கேட்டுக்கொள்ளவேண்டும்.

மூன்று மாதம் என்றார்கள். போயிற்று. அதற்குமேலும் போயிற்று. பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் சயாமில் இருந்து தப்பித்து, காட்டு வழியாகவே வந்து சேர்ந்தார். எலும்பும் புண்ணுமாக இருந்தவரை அவர் வீட்டார் ஒளித்து வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் போய்க் கேட்டார்கள். கோவிந்தன் வாந்திபேதியில் போய்விட்டார் என்றார். தன் கண்ணால் பார்த்தாராம்.

எடுத்துப் போட உடம்பு இல்லை. கோவிந்தனுடைய பால்வெட்டுக் கத்தியையும் வாளியையும் வாழை இலையில் வைத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். முறைப்படி வைத்தார்கள். தங்கத் தேரில் போனாயே, சந்தனக் கட்டில் காத்திருக்க, தேசம் ஆண்ட ராசாவே என்று உருகி உருகிப் பாடினார்கள். வந்திருந்த எல்லாருக்கும் கண்ணீர். அவரவர் வீட்டிலும் ஒருவர் சயாமுக்குப் போயிருந்தாரே.

முனியம்மா அழவில்லை. தலையை நிமிர்த்தி ஒவ்வொருத்தி வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாங்கி உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் திரும்பி, ஏதோ வழி கேட்கிற மாதிரி, “பாக்கியம், இவங்க யாரப் பாடுறாங்க?” என்றாள்.

அவள் காலைப் பார்த்தேன். விரல் மடங்கவும் இல்லை, விரியவும் இல்லை. மரக்கட்டை மாதிரி இருந்தது.

அதற்கு அடுத்து வந்ததுதான் பெரிய கஷ்டம். முனியம்மாவுக்குப் பால் நின்றுவிட்டது. காட்டுக்கு வேலைக்குப் போவாள், வருவாள், யார் எது சொன்னாலும் தலையை ஆட்டுவாள். உள்ளே ஆள் இல்லை. மத்தியானம் மற்றத் தாய்மார்களைப் போல அவளும் பால் கொடுக்கக் கொட்டாய்க்கு வருவாள். தங்கத்தை மார்பில் வைப்போம். பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழும். கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து வைத்தால் துப்பிவிடும். பச்சை உடம்புக்காரி ஒருத்தி தன் பிள்ளைக்குக் கொடுத்த மிச்சத்தைக் கொடுத்தாள். அவளுக்கே சோறு இல்லை, மிச்சம் எவ்வளவு இருக்கும்?

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் வந்து பார்த்தார். கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

“டின்னுப் பாலு இருந்தா குடுக்க மாட்டேனா அஞ்சல? அலமாரியில வெறும் போத்தல்தான் இருக்கு. தாயோட மனசு எறங்கினா பாலு எறங்கும். இல்லன்னா…” என்று நிறுத்திக்கொண்டார். நல்ல மனுசன். பொய் சொல்லவில்லை.

தங்கத்தின் அழுகை நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. அழுகிற பிள்ளையைப் பற்றி ஆயாவுக்குப் பயமில்லை. அழாமல் போகிற பிள்ளைதான் பயம். எல்லாரும் முனியம்மாவிடம் இதமாகப் பேசினார்கள். “அழுதுரு தாயி, மனசுல வச்சிக்காத,” என்று தடவிக் கொடுத்தார்கள். நானும் பேசினேன். அவள் தலையை ஆட்டினாள்.

ஒரு மத்தியானம். நல்ல வெயில். தாய்மார் சுவரோரம் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முனியம்மா மடியில் தங்கம் சும்மா கிடந்தது. பெரியாயா அவளுக்கு எதிரே உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் கயிற்றில் ஒரு ஏணை ஆடிக்கொண்டிருந்தது. திடீரென்று, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை வம்புக்கு இழுக்கிற குரலில், ராகம் போட்டு ஆரம்பித்தாள்.

“கோட்டுக்குள்ள காணாமப்போன கோணக்கால் மச்சானே,
அட்டயக் கண்டா ஆகாசம் தாவுற ஆம்பளச் சிங்கமே!”

பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி, “ஏ அஞ்சல! செத்தவனப் போயா பழிக்கிற? ஒனக்கு நாக்கு அழுகாதா?” என்று எழுந்தாள்.

மூலையில் இருந்த ஒரு வயசான அம்மா, “உக்காருடி. அவளுக்கு மொற இருக்கு,” என்றார்.

பெரியாயா யாரையும் பார்க்கவில்லை. முனியம்மாவை மட்டும் பார்த்து, பாட்டை விட்டுப் பேச்சுக்கு வந்தாள்.

“ஏன்டி, கண்ணாலத்தன்னிக்கி ஒன் புருசன் தாலியக் கட்டினானா, கோட்டுக் கையி கட்டுச்சா? நா பாத்தப்ப வெரலே வெளிய தெரியல. எவனோ வெள்ளக்காரன் ஆவிதான் ஒனக்குத் தாலி கட்டிருக்கு.”

முனியம்மா நிமிர்ந்தாள்.

“அந்த ஒறக்கம் ஒறங்குவானே, கொறட்ட! மேட்டு லயத்துல நாயி கொலைக்கும். காதுல பஞ்ச வச்சிக்கிட்டா படுத்த?”

முனியம்மாவின் உதட்டோரம் அசைந்தது. சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கத்தான் செய்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாள்.

“பஞ்சு இல்லக்கா,” என்றாள். “மூக்கப் புடிச்சிருவேன்.”

கொட்டாயில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். பெரியாயாவும் விடவில்லை, குரலில் கேலியும் குறையவில்லை. கிழங்கைச் சீவிக்கொண்டே சொன்னாள்.

“இங்க ஒரு அட்டைக்கே ஊரக் கூட்டுவியேடா மச்சான். அந்தச் சயாங் காட்டுல எத்தன அட்டடா இருந்திச்சி? அங்க எவடா சுண்ணாம்பு டப்பாவத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தா? யாருடா புடுங்கி வுட்டா ஒனக்கு?”

முனியம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. முகம் கோணிற்று. “நான்தானேக்கா புடுங்குவேன்,” என்றாள். அதன்பிறகு வந்த சத்தத்தை எழுத்தில் போட முடியாது, சாந்தியிடமும் விட்டுவிடச் சொன்னேன். அவள் தரையில் அடித்துக்கொண்டு அழுதாள். “அவருக்கு யாரும் இல்லியே, புடுங்கி வுட யாரும் இல்லியே,” என்றே அழுதாள். முதலில் வைய எழுந்தவளும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ராசாவே என்று பாடிய அன்றைக்கு வராத கோவிந்தன், கேலி பேசியதும் கோட்டோடும் கோணக்காலோடும் கொட்டாய்க்கு உள்ளேயே வந்து நின்றுவிட்டார்.

நான் முனியம்மாவின் காலைப் பார்த்தேன். விரல் ஐந்தும் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. பிறகு பெரியாயாவின் காலையும் பார்த்தேன். ஏணை நின்றுபோயிருந்தது. கயிறு கட்டின கட்டைவிரல் உள்ளே மடங்கி, வெளுத்துப்போய் இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை, கை கிழங்கைச் சீவிக்கொண்டுதான் இருந்தது.

அழுகை ஓய்ந்ததும் பெரியாயா எழுந்து தங்கத்தைத் தூக்கி முனியம்மா மார்பில் வைத்தாள். “குடிடி, கோணக்காலன் மவளே. ஒங்கப்பனப் பாத்துட்டியில்ல, குடி.” சினிமாவில் வருகிற மாதிரி அன்றைக்கே பால் பொங்கிவிடவில்லை. கொஞ்சம் ஈரம் வந்தது. பிள்ளை விடாமல் பிடித்துக்கொண்டது. மறுநாள் இன்னும் கொஞ்சம். முனியம்மா அழுவாள், பால் கொடுப்பாள். மத்தியானம் ஆனால், “அக்கா, அந்தக் கொறட்டையச் சொல்லு,” என்று அவளே கேட்பாள். ஒரு வாரத்துக்குள் தங்கம் கொட்டாய் அதிர அழ ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு டிரெசர் வாசலில் நின்று சிரித்தார்.

நான் பிறகு ஒருநாள் கேட்டேன். “பெரியாயா, ஒனக்கு அன்னிக்கி அழுக வரலியா?”

“வராம? வந்திச்சிடி, அடக்கிக்கிட்டேன். நா அழுதிருந்தா அவ என்னியத் தேத்த ஆரம்பிச்சிருப்பா. அவளுக்கு எங்கடி எடம்?” வெற்றிலை இல்லாத வாயை மென்றாள். “எங்கிட்ட இருந்தது எங்கிட்டயே இருக்கட்டும். அவளுக்கு என்னா வேணுமோ அதத்தான குடுக்கணும்?”

யமுனா, நீ கேட்டதற்கு என் பதில் அவ்வளவுதான். அன்றைக்குக் குரல் கேலி, வந்து உட்கார்ந்தது துக்கம். மண்டோருடைய குரல் வெல்லம், வந்து உட்கார்ந்தது பயம். ஒப்பாரிக்காரர்களின் குரலில் துக்கம் இருந்தது, ஆனால் முனியம்மாவுக்குள் ஒன்றுமே வரவில்லை. பரீட்சைக்கு இதை எப்படி எழுதுவது என்று டீச்சரைக் கேள்.

எல்லாப் பிள்ளைகளையும் அப்படிக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் எங்கள் ஏணைகள் சில காலியாகின. ஆனால் ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் வந்தான், அவனும் போனான், நான் கொட்டாயை விடவில்லை. பெரியாயா ஓய்ந்தபிறகு நான் பெரியாயா ஆனேன். என்றாலும் பழைய ஆட்களுக்குச் சின்னாயாதான். தோட்டத்தில் ரப்பரை வெட்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டு, ஆட்கள் டவுனுக்குப் போய்க் கொட்டாய் மூடுகிறவரைக்கும் வேலை பார்த்தேன். என் ஏணையில் தூங்கினவர்கள் லோரி ஓட்டுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிறார்கள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறார்கள். பசாரில் பார்த்தால் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். ராணிக்குக்கூட அவ்வளவு கிடைக்காது.

பெரியாயா படுக்கையில் கிடந்தபோது நான்தான் பார்த்துக்கொண்டேன். முனியம்மா அதற்குமுன்பே போய்விட்டாள். ஒரு சாயங்காலம் பெரியாயா என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டாள்.

“ஏ சின்னாயா, என் மச்சான ஒனக்குக் குடுத்துட்டுப் போறேன்டி.”

“எந்த மச்சான்?”

“எனக்கு எத்தன மச்சான்டி இருக்கான்? அந்தக் கோணக்காலன்தான். நா போயிட்டா அவனத் திட்ட ஆளு வேணாமா? இன்னிலேருந்து ஒனக்கும் அவன் மச்சான். மொறயோட திட்டு. மரியாதயாப் பேசி அவனக் கெடுத்துப்புடாத.”

அப்படி ஒரு சொத்து யாருக்கும் கிடைத்திருக்காது. இதுவரை எழுதியதில் கோவிந்தனை “அவர்” என்று சொல்லி வந்திருக்கிறேன் பாருங்கள், அது அச்சுக்காக மருமகள் போட்ட மரியாதை. பெரியாயா இருந்தால் என்னை வைவாள்.

தங்கம் இப்போது பகாவ் டவுனில் இருக்கிறாள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். நடையைப் பார்த்தால் யார் மகள் என்று சொல்லவேண்டியதில்லை. அவளிடம் அப்பாவின் படம் ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்தில் எங்களை யார் படம் பிடித்தார்கள்? தோட்டத்தில் ஆம்பளைகள் சிலர், “உங்க அப்பா தங்கமான மனுசர்மா,” என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்டுக்கொள்வாள். செத்துப்போன எல்லா அப்பாக்களும் தங்கமான மனுசர்தானே.

இவ்வளவும் எழுதி முடித்தபிறகு, போன சனிக்கிழமை அவள் பஸ் ஏறி வந்திருந்தாள். பாடம் நடந்துகொண்டிருந்தது. நான் சொல்லி எழுதியதைச் சாந்தி பிள்ளைகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். தங்கம் அடுக்களையில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு கேட்டாள். கோட்டு வந்ததும் கூடத்தில் பிள்ளைகள் சிரித்தன. அட்டை வந்ததும் சத்தம் நின்றது. யமுனா மூக்கை உறிஞ்சுவது அடுக்களை வரைக்கும் கேட்டது.

தங்கம் என் முழங்காலில் கையை வைத்தாள். அறுபது வயசுக்காரி, ஏணையில் கிடந்த அதே முகம்.

“சின்னாயா,” என்றாள். “எழுத்துல மரியாதயா இருக்கு. நீ ஒன் வாயால எங்கப்பாவக் கொஞ்சம் திட்டேன்.”

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டேன். பெரியாயா குரலை வரவழைத்துக்கொண்டு, “வாடா என் கோணக்கால் மச்சானே,” என்று ஆரம்பித்தேன். சேலை ஓரத்தில் இருந்து தங்கத்தின் கால்விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து விரிந்தன.